ஆங்கிலம் பயில்வோரும் அவைக்களமும்

நம் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகம் புகும் மாணவருள் மருத்துவத்தையும் பொறியியலையும் வர்த்தகத்தையும் நாடுவோரே பெரும்பாலார். கலைத்துறை நாடுவோர் சிலர். அச்சிலருள்ளும் ஆங்கில இலக்கியத்தைச் சிறப்புப் பாடமாகக் கற்று, பட்டம் பெற்ற பின்னரும் முதுமாணிப் பட்டத்துக்கென அதனையே மேலும் பயில்வோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். அவர்களைக் குறித்துத் தமிழாசிரியராகிய யாம் எழுதப் புகுந்தமை சிலர்க்கு வியப்பளித்தல் கூடும். ஆங்கிலம் பயிலும் பட்டதாரி மாணவர்க்கென நடைபெறும் இலக்கியக் கூட்டங்களும் ஆய்வரங்குகளும் எத்தகையன, அவற்றால் அவர் பெறும் பயிற்சி யாது, அப்பயிற்சியைத் தமிழ் ஏன் இழந்துவிடலாகாது என்பவற்றை விளக்குதல் தமிழாசிரியர்க்கும் உரிய பணியே என்பது எம் துணிபு.

முதற்கண் ஆய்வரங்கின் நடைமுறையைக் கூறுவோம். பல்கலைக்கழகமொன்றின் ஆங்கிலப் பகுதியோ இலக்கிய ஆய்வுக் கழகமொன்றோ ஒரு பொருளைக் குறித்து, அதன்மேற் கட்டுரை வேண்டி அறிவித்தல் விடுக்கும். அரங்கு கூடுவதற்குப் பல மாதங்கள் முன்னரே இவ்வறிவித்தல் வெளிவரும். கட்டுரை படிக்க விரும்புவோர் முழுக் கட்டுரையையும் அப்பொழுதே அனுப்பவேண்டியதில்லை. இருநூற்றைம்பது அல்லது முந்நூறு சொற்களில் ஆய்வுச் சுருக்கம் ஒன்றனை அனுப்பினாற் போதும். நல்ல அரங்குகளிற் பெரும்பாலும் எழுதியவர் பெயரை மறைத்தே அச்சுருக்கம் மதிப்பிடப்படும். பேராசிரியர் அனுப்பியதும் சென்ற ஆண்டு பட்டம் பெற்றவர் அனுப்பியதும் அங்கே ஒரே தராசில் நிறுக்கப்படும். ஏற்கப்பட்ட கட்டுரைகளை மூன்று நான்காகத் தொகுத்து அமர்வுகள் வகுப்பர். ஒருவர்க்குக் கிடைப்பது இருபது நிமிடம். சில இடங்களிற் பதினைந்தே. நேரம் நெருங்கியதும் அமர்வுத் தலைவர் துண்டுச் சீட்டொன்றை நீட்டுவார். அதன்பின் எவ்வளவு அரிய கருத்தாயினும் அவையில் எடுபடாது. யாவரும் படித்து முடித்தபின் வினாக்கள் தொடங்கும்.

இவ்வினாக்களுக்காகவே அரங்கு கூடுகின்றது எனின் மிகையாகாது. கட்டுரையை வீட்டிலிருந்தே வாசித்துவிடலாம். எழுதியவரை எதிரில் நிறுத்தி, இது எவ்வாறு பெறப்பட்டது, இதற்கு மாறான சான்று உண்டே அதனை ஏன் விடுத்தீர் என்று கேட்கும் வாய்ப்பு அங்கேதான் உண்டு. வயதில் இளையார் முதியாரைக் கேட்கலாம். முதியார் விடை தெரியாதாயின் தெரியாது என்றே சொல்லிவிடலாம். அதனால் அவர் மதிப்புக் குன்றுவதில்லை. இப்பழக்கம் மேனாட்டிலிருந்து வந்தது என நம்மவர் பலர் எண்ணுகின்றனர். அங்ஙனம் எண்ணுவோர் நம் பழைய அரங்கேற்ற மரபை மறந்தனர் போலும்.

தொல்காப்பியம், நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசான் கேட்ப அரங்கேறியது எனப் பனம்பாரனார் பாயிரம் கூறும். கந்தபுராண அரங்கேற்றத்தின் கதையோ கோயில்தோறும் புராணபடனம் கேட்டு வளர்ந்த நம் சமூகத்தில் அறியாதார் இலர். கச்சியப்ப சிவாசாரியார் காஞ்சிக் குமரகோட்டத்தில் நூலைத் தொடங்கிய அளவிலே, முதற்பாட்டின் முதற்சொற் புணர்ச்சிக்கு விதியாது என ஒருவர் எழுந்து தடுத்தனர். முருகப்பெருமான் எடுத்துக் கொடுத்த அடி இது என ஆசிரியர் விடையிறுத்தும் அவையோர் அமையவில்லை. இலக்கண நூலிற் சான்று காட்டுக என்றனர். மறுநாள் சோழநாட்டுப் புலவர் ஒருவர் வந்து வீரசோழியத்தை விரித்து விதிகாட்டிய பின்னரே அரங்கேற்றம் தொடர்ந்தது. வந்தவர் முருகனே என்பது கதை. கதையிலுள்ள பத்திமை ஒருபுறம் நிற்க, அவை நடந்த முறையை நோக்குக. தெய்வம் தந்த சொல் என்றபோதும் அவை சான்று கேட்டது. கேட்டவரை எவரும் வெளியேற்றவில்லை. சான்று வரும்வரை அவை காத்திருந்தது; வந்தபின் ஏற்றது. இன்று ஓர் ஆங்கில ஆய்வரங்கிற் சென்று அமரும் நம் மாணவர் தம் மூதாதையர் மண்டபத்திலேயே அமர்கின்றார். வள்ளுவர் அவையறிதலுக்கு ஓர் அதிகாரமும் அவையஞ்சாமைக்கு அதனையடுத்து ஓர் அதிகாரமும் வகுத்தமை மேடைப் பேச்சாளர்க்கு மட்டும் என்று கொள்ளல் வேண்டா.

இனி, நம் நாட்டில் ஆங்கிலம் பயின்றோர்க்கு இத்தகைய அவைகள் அமைந்த வரலாற்றைச் சிறிது காண்போம். 1921இல் கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பெற்றது. மாணவர் இலண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்குத் தோற்றினர். 1942இல் அது இலங்கைப் பல்கலைக்கழகமாயிற்று. 1952இற் கலைப்பீடம் பேராதனை சென்றது. இக்காலத்தில் ஆங்கிலப் பேராசிரியராய் விளங்கியவர் காலியிற் பிறந்த லுடோவைக் அவர்கள். 1956இல் ஓய்வு பெறும்வரை அவர் வகுப்பறையிற் செய்த பணிக்குச் சற்றும் குறையாதது நாடகச் சங்கத்தின் வழி அவர் செய்த பணி. ஐரோப்பிய நாடகாசிரியர் பலருடைய நாடகங்கள் மாணவரால் நடிக்கப்பெற்றன. நாடகத்தை ஏட்டிற் கற்பது வேறு, அதனை ஒரு மாதம் ஒத்திகை பார்த்து, ஒளியமைத்து, கட்டணம் கொடுத்து வந்தோர்முன் நடித்துக் காட்டுவது வேறு என்பதை அம்மாணவர் கற்றனர்.

அக்கல்வி ஆங்கிலத்தோடு நின்றுவிடவில்லை. அதே பல்கலைக்கழகச் சூழலில் இயங்கிய எதிரிவீர சரச்சந்திரர் 1956ஆம் ஆண்டு நவம்பர் 3ஆந் திகதி லயனல் வென்ட் அரங்கில் ‘மனமே’ நாடகத்தை மேடையேற்றியபோது சிங்கள நாடகம் புதுவழி கண்டது. மேனாட்டு அரங்கை நன்கறிந்த அவர் தம் நாட்டுக் கூத்து மரபுக்கே திரும்பினார் என்பது கருதத்தக்கது. தமிழிலும் பேராசிரியர் கணபதிப்பிள்ளை 1940இல் ‘நானாடகம்’ வெளியிட்டார். பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனை மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலாய கூத்துக்களைப் புதுக்கி மேடையேற்றினார். ஒரு வளாகத்தில் மூன்று மொழியாரும் ஒருவர் அரங்கை ஒருவர் எட்டிப் பார்த்த காலம் அது. எட்டிப் பார்த்ததன் பயனை மூன்று மொழிகளும் பெற்றன.

ஆங்கில இலக்கியத்தைத் தமிழ் அவைக்குக் கொண்டுவந்தவருள் முதலில் எண்ணத்தக்கவர் விபுலாநந்த அடிகளார். எம்மனைய பயிற்றப்பட்ட ஆசிரியர் பெருமையோடு நினைவிற் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு: அடிகளாரும் கொழும்பு ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையிற் பயின்று தராதரம் பெற்ற ஆசிரியரே. பின்னர் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதப் பரீட்சையிலும் இலண்டன் விஞ்ஞானப் பட்டத்திலும் தேறினார். அவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் நாடகம் பற்றி ஆற்றிய உரையை விரித்து எழுதிய ‘மதங்கசூளாமணி’ 1926இல் வெளிவந்தது. செகசிற்பியார் என அவர் தமிழாக்கிய பெயருடைய ஆங்கிலப் புலவரின் நாடகங்கள் பன்னிரண்டனை அதன் எடுத்துக்காட்டியலில் ஆராய்ந்தார். ஆங்கிலம் அறியாத தமிழ்ப் புலவர் கூடிய அவை அது. அவர்களுக்கு விளங்கும் சொல்லிற் சொன்னார்; அதற்காகப் பொருளைக் குறைத்துச் சொல்லவுமில்லை. இன்றைய முதுமாணி மாணவர் ஒருவர் அந்நூலின் முறையை மட்டும் எடுத்து ஆராயினும் நல்லதோர் ஆய்வுக் கட்டுரை ஆகும்.

பிற்காலத்தும் இவ்வழி தூர்ந்துவிடவில்லை. 1952இல் ‘தமிழ்ப் பண்பாடு’ என்னும் பொருள்படும் பெயரோடு ஆங்கில முத்திங்கள் ஏட்டைத் தொடங்கிய தனிநாயக அடிகளார், 1964 சனவரியிற் புதுதில்லியிற் கீழைத்தேயவியலார் மாநாடு கூடியபோது உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமைவதற்கு முன்னின்றார். 1966இற் கோலாலம்பூரிலும், 1968இற் சென்னையிலும், 1970இற் பாரிசிலும், 1974இல் யாழ்ப்பாணத்திலும் அம்மன்றத்தின் மாநாடுகள் கூடின. அதே 1964ஆம் ஆண்டு இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில், பொதுநலவாய நாடுகளின் ஆங்கில இலக்கியத்தையும் மொழியையும் ஆராயும் கழகம் ஒன்று தோன்றியது. மூன்றாண்டுக்கொருமுறை கூடும் அதன் மாநாடு 1995இல் நம் கொழும்பிலேயே நடைபெற்றது. தமிழுக்கென ஒன்று, ஆங்கிலத்துக்கென ஒன்றாக, ஓராண்டிற் பிறந்த அவ்விரு கழகங்களின் அவைகளிலும் சென்று அமர்ந்த தமிழர் எத்தனை பேர் என எண்ணிப் பார்ப்பின் பெருமூச்சே எஞ்சும்.

அமர்ந்தவர் செய்த பணியோ பெரிது. கொழும்பு றோயல் கல்லூரியிலும் பேராதனையிலும் பயின்ற பேராசிரியர் கைலாசபதி, பேமிங்காம் பல்கலைக்கழகத்திற் கிரேக்க மொழிப் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்து, சங்க வீரயுகப் பாடல்களைக் கிரேக்கக் காப்பியங்களோடு ஒப்பிட்டார். அந்நூல் 1968இல் ஒக்ஸ்போட்டில் வெளிவந்தது. பேராதனையில் ஆங்கிலம் கற்ற ஏ. ஜே. கனகரட்ணா (1934 - 2006) யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டே, மேனாட்டுத் திறனாய்வைத் தமிழிலும் தமிழ் ஆக்கங்களை ஆங்கிலத்திலும் தந்தார். ரொறன்ரோப் பல்கலைக்கழக ஆங்கிலப் பேராசிரியராய் விளங்கிய செல்வா கனகநாயகம் (1952 - 2014) ஈழத்துத் தமிழ் எழுத்துக்களின் ஆங்கிலத் தொகுதியொன்றை 2001இல் வெளியிட்டார். அந்நகரில் 2006 முதல் நடைபெற்ற தமிழியல் மாநாடுகளை ஒழுங்கு செய்தோருள் அவரும் ஒருவர். கொழும்பில் வாழ்ந்த கே. எஸ். சிவகுமாரன் (1936 - 2022) தமிழ் நூல்களை ஆங்கில நாளேட்டு வாசகர்க்கு அறிமுகஞ் செய்வதை நெடுங்காலம் ஒரு தவம்போற் செய்தார்.

இந்தியாவில் ஆங்கில விரிவுரையாளராயிருந்த ஏ. கே. இராமாநுஜன் கதை இவற்றினும் சுவையானது. 1962இற் சிக்காகோப் பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில் எளிய பழந்தமிழ் இலக்கணம் ஒன்றைத் தேடிச் சென்றவர் கையில் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த குறுந்தொகை அகப்பட்டது. அதன் பயனாக 1967இல் வெளிவந்த அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்புச் சங்கப் பாடல்களை உலகெங்கும் வாசிக்கச் செய்தது. நம் மாணவர் அதனைக் காணச் சிக்காகோ வரை செல்லவேண்டியதில்லை. வெள்ளவத்தையிலே கொழும்புத் தமிழ்ச் சங்கத்து நூலகம் வரை சென்றாற் போதும்.

இக்காலத்தில் ஆங்கில மாணவர்க்குக் கொழும்பிலும் அயலிலும் உள்ள வாய்ப்புக்கள் சிலவற்றைக் குறிப்பிடுவோம். பல்கலைக்கழக ஆங்கிலப் பகுதிகள் நடத்தும் ஆய்வரங்குகளும், பேராதனையில் மானிடவியல், சமூக விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவனம் கூட்டும் ஆய்வு மாநாடும் முதலில் நோக்கத்தக்கன. கொழும்பு கின்சி ரெறசிலுள்ள இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையத்தில் விரிவுரைகளும் நூல் உரையாடல்களும் நிகழ்வதுண்டு. அங்கே கட்டணமின்றிச் சென்று கேட்கலாம். எழுத விரும்புவோர்க்குக் கிரேஷியன் பரிசு உண்டு. நம் நாட்டிற் பிறந்த மைக்கல் ஒண்டாச்சி தமக்குக் கிடைத்த புக்கர் பரிசுப் பணத்தைக்கொண்டு 1992இல் தம் தாயார் குடும்பப் பெயரால் இதனை நிறுவினார். அச்சேறிய நூலன்றிக் கையெழுத்துப் படியும் இதற்கு ஏற்கப்படும் என்பது இளையோர் அறியவேண்டியது. அதே அறக்கட்டளை, சிங்களத்திலிருந்தோ தமிழிலிருந்தோ ஆங்கிலத்துக்குச் செய்யப்படும் மொழிபெயர்ப்புக்கும் எச். ஏ. ஐ. குணத்திலக பெயராற் பரிசொன்று வைத்துள்ளது. நம் மாணவர்க்கு இதனினும் உரிய களம் யாது? 2007இல் தொடங்கி இடையிடையே நின்று நின்று நடைபெற்றுவரும் காலி இலக்கிய விழா வேறு வகையினது. அது எழுத்தாளரைக் காண்பதற்கும் கேட்பதற்கும் உரிய திருவிழா. ஆய்வரங்கு திருவிழாவன்று. இரண்டையும் ஒன்றென மயங்குதல் கூடாது.

மற்றுமோர் எச்சரிக்கை. பெருங் கட்டணம் வாங்கிக்கொண்டு எக்கட்டுரையையும் ஏற்கும் ‘சர்வதேச’ மாநாடுகள் இந்நாளிற் காளான்போல் முளைத்துள்ளன. சுருக்கம் அனுப்பிய மறுநாளே ஏற்றுக்கொண்டோம் என மடல் வரின், அம்மடலைக் கிழித்தெறிதல் நன்று. மதிப்பிடுவோர் யாவர், முன்னைய ஆண்டுகளிற் படிக்கப்பட்டவை எவை எனத் தம் விரிவுரையாளரிடம் கேட்டறிந்த பின்னரே காசு செலுத்தல் வேண்டும். பெற்றோர் அரும்பாடுபட்டு ஈட்டிய பணம் அது.

இவ்வளவும் ஆங்கில மண்டபத்தின் நிலை. தமிழ் மண்டபத்தின் நிலையையும் ஒளிக்காது கூறல் வேண்டும். வெள்ளவத்தையில் 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கமும், இராமகிருஷ்ண மிஷன் மண்டபமும், கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் 1902இல் நிறுவப்பட்ட விவேகானந்த சபையும் நம் தலைநகர வாழ்வுக்கு அளித்த தொண்டு அளவிடற்கரியது. 2011 சனவரியில் உலகெங்குமிருந்து தமிழ் எழுத்தாளர் வந்து கூடிய மாநாடும் சங்க மண்டபத்திலேயே நடந்தது. எனினும் நகரில் நிகழும் நூல் வெளியீடுகளின் நிகழ்ச்சி நிரலைக் கையிலெடுத்துப் பார்மின். மங்கல விளக்கேற்றல், தமிழ் வாழ்த்து, வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரை மூன்று, வெளியீட்டுரை, முதற்பிரதி வழங்கல், சிறப்புப் பிரதி வழங்கல், நயவுரை, பொன்னாடை, ஏற்புரை, நன்றியுரை. கேள்விக்கு இடம் எங்கே? நயவுரை ஆற்றுவோர் நூலின் குறையொன்றைச் சுட்டினால் அடுத்த முறை அவர்க்கு அழைப்பிதழ் வருவதில்லை. குமரகோட்டத்தில் எழுந்து தடுத்தவர் இன்று வெள்ளவத்தைக்கு வந்தால், தேநீர் வேளையிற் பேசிக்கொள்ளலாம் என்று அமர்த்திவிடுவர்.

எம்மிடம் உயர்தர வகுப்பிற் தமிழ் கற்றுப் பின்னர் ஆங்கிலத்தில் முதுமாணிப் படிப்பை மேற்கொண்ட மாணவர் ஒருவர், குறுந்தொகை மொழிபெயர்ப்புக்களைப் பற்றிய கட்டுரையொன்றோடு எம்மைத் தேடி வந்தார். உள்ளுறை என்பதனை ஆங்கில அவையில் ஐந்து நிமிடத்தில் விளக்கவேண்டும், எவ்வாறு தொடங்குவது என்பது அவர் கேள்வி. இரு மாலைப்பொழுதுகள் தொல்காப்பிய உவமவியலையும் உரைகளையும் வைத்துக்கொண்டு இருந்தோம். மரபென்று உரைகாரர் சொல்லிச் செல்லும் ஒவ்வோரிடத்திலும் அவர் நிறுத்தி, இதற்கு எடுத்துக்காட்டு யாது, இஃது இல்லாத பாட்டு உண்டா என்று கேட்டார். ஆங்கில அரங்குகள் அவருக்குப் பழக்கிய கேள்விகள் அவை. எமக்கும் அப்பொழுதுகள் பயன்பட்டன. அவ்வாண்டு உள்ளுறை கற்பித்தபோது அவர் கேட்டவற்றையே வகுப்பில் மாணவரிடம் கேட்டோம். அவர் கட்டுரை படித்தார். உள்ளுறைக்கும் மேனாட்டார் கூறும் குறியீட்டுக்கும் வேறுபாடு யாது எனச் சிங்கள மாணவி ஒருவர் வினவினாராம். கருப்பொருளின்மேல் வைத்துச் சொல்லி நிலத்தோடு பிரியாது நிற்பது உள்ளுறை என விடை கூறினாராம். அதனைத் தமிழிலும் ஓரவையிற் படித்தல் ஆகாதோ எனக் கேட்டோம். “எங்கே படிப்பது, ஐயா? வாழ்த்துரைக்குக் கேட்கின்றார்கள். கட்டுரை படி, கேள்வி கேட்கின்றோம் என்று தமிழில் எவரும் என்னை அழைக்கவில்லையே” என்றார். அக்கட்டுரை இன்றளவும் தமிழில் இல்லை.

ஆங்கிலம் பயில்வோர் தமிழை மறந்தனர் எனக் குறைகூறும் பெரியோர் இம்மறுமொழியைச் சிறிது சிந்திப்பாராக. மறந்தவர் சிலர் உண்டு, மறுப்பதற்கில்லை. அழைக்கப்படாதவர் அவரினும் பலர். மற்றொரு புறத்தில், ஆங்கில அவையிற் புறநானூற்றையும் கூத்தையும் பற்றிப் பேசுவோர் அவற்றை மொழிபெயர்ப்பின் வழியே அறிந்தோராயிருப்பின், மூலத்தைக் காட்டித் திருத்துவதற்கு நம் மாணவர் அங்கே அமர்ந்திருத்தல் வேண்டும். அவர் வராவிடின் பிழை அச்சேறும். அச்சேறியதை அடுத்தவர் மேற்கோள் காட்டுவர்.

ஆதலின் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டில் நான்கு மாலைப்பொழுதுகள் போதும். ஒருமுறை வெள்ளவத்தையில், ஒருமுறை கொட்டாஞ்சேனையில் எனச் சிறு மண்டபமொன்றிற் கூடலாம். இரண்டிடத்தையும் தும்முல்லைச் சந்தி வழியாக 155ஆம் இலக்கப் பஸ்வண்டி இணைக்கின்றது. பல்கலைக்கழக மாணவர் வழியிலேயே ஏறிக்கொள்ளலாம். ஆங்கிலம் பயிலும் பட்டதாரி மாணவர் ஒருவர் தம் ஆய்வை இருபது நிமிடம் தமிழிற் படிப்பார். நாற்பது நிமிடம் கேள்வி. பொன்னாடையும் மாலையும் வேண்டா. விளக்கொன்று ஏற்றினாற் போதும். கட்டுரைப் படியை மூன்று நாள் முன்னரே வருவோர்க்கு அனுப்பிவிடுதல் நன்று. வாசித்துவராதவர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் சொற்பொழிவாகவே முடியும். அமர்வுத் தலைவராகத் தமிழாசிரியர் ஒருமுறையும் ஆங்கில ஆசிரியர் ஒருமுறையும் இருக்கலாம். கையில் மணிக்கூடும் மனத்திற் கண்டிப்பும் உடையவரே அதற்கு வேண்டும். உயர்தர வகுப்பு மாணவரைப் பின் வரிசையில் அமர்த்தி, ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் வினாவை அவர்களிடமிருந்தே பெறுதல் வேண்டும் என்பது எம் விருப்பம். படிக்கப்பட்ட நான்கு கட்டுரைகளும் அடுத்த ஆண்டுக் கல்லூரி மலரில் வெளிவரலாம்.

சொற்களுக்கு அஞ்சவேண்டா. ஆங்கிலத்திற் பழகிய கலைச்சொற்களுக்குத் தமிழ் கிடைக்கவில்லையே எனத் தயங்கும் மாணவர், சொல்லைத் தமிழெழுத்தில் அப்படியே எழுதி, அதன் பொருளை ஒரு வாக்கியத்தில் விளக்கிவிட்டு மேற்செல்லலாம். நல்ல சொல்லை அவையோரே எடுத்துத் தருவர். முதற் கூட்டத்துக்குக் கட்டுரை படிக்க விரும்பும் பழைய மாணவர் இருநூற்றைம்பது சொற்களுக்கு மேற்படாத சுருக்கமொன்றைக் கல்லூரித் தமிழ்ப் பகுதிக்கு அனுப்புவாராக. ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினும் ஏற்போம். தமிழாக்குவதற்கு, பாடசாலை விட்டபின் இரண்டு மூன்று மாலைகள் உடனிருந்து உதவ யாமும் ஆங்கிலப் பகுதி நண்பர் சிலரும் ஆயத்தமாயுள்ளோம்.